சியான் சுடுமண் படை: இன்னும் மனத்தை விட்டு அகலாத காட்சி எது?

தாமிரபரணிக் கரையாள்:
சீனாவின் சியான் நகருக்கு அருகே, சீனாவின் முதற்பேரரசருடைய கல்லறைக்காகக் குழிகளில் புதைக்கப்பட்ட மண்வீரர்கள்தாம் சுடுமண் படை; இதற்குமேல் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகவே சொல்கிறேன். இருபத்திரண்டு பேர் கொண்ட குழுவாகச் சென்றோம். மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னே நடந்த வழிகாட்டி, முதல் குழிக்கு நாற்பது நிமிடங்கள் ஒதுக்கினார். 230 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தின் முகப்பில் எல்லோரும் நெருக்கியடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்ததால், நான் பக்கவாட்டு நடைபாதை வழியாகப் பின்கோடிக்குப் போய்விட்டேன். உடைந்த துண்டுகளை ஒட்டிச் சீர்செய்யும் பணி அங்கேதான் நடக்கிறது. சில வீரர்களுக்குத் தலையில்லை. சிலரை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைத்திருந்தார்கள். தலையில்லாத ஒருவரின் மார்பின்மீது சிறிய எண் அட்டை ஒன்று தொங்கியது. என் கழுத்திலும் குழுவினர் மாட்டிவிட்ட அட்டை தொங்கியது. என் எண் 17. ஏனென்று தெரியவில்லை, என்னை அறியாமலே என் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இன்றுவரை அந்தக் கணம் என்னைத் தொந்தரவு செய்கிறது. இன்னொன்று: பணம் போதாததால்தான் மீதியைத் தோண்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னார்.

ஊசிநூல்:
பணம் காரணமன்று, சகோதரி. அந்த வீரர்களுக்குச் சிவப்பு, பச்சை, ஊதா என்று வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. வண்ணத்துக்கு அடியில் அரக்குப் பூச்சு உண்டு. ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் ஈரமண்ணுக்குள் கிடந்த அந்தப் பூச்சு, காற்றுப்பட்டவுடன் உலர்ந்து, சில நிமிடங்களிலேயே சுருண்டு, வண்ணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழுந்துவிடும். தொடக்கக் காலத்தில் வெளியே எடுத்தவை இவ்வாறுதான் வெறும் மண்நிறமாகிப் போயின. வண்ணத்தைக் காக்கும் வழி உறுதிப்படும்வரை மண்ணே பாதுகாப்பு என்று விட்டிருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. இரண்டாம் குழியில் மேற்கூரைக் கட்டைகள் தொய்ந்து, அவற்றின் மேலிருந்த மண் அலையலையாகப் படிந்து கிடப்பதைக் கண்டு, 'ஒன்றுமே இல்லையே' என்று எங்கள் குழுவினர் ஐந்து நிமிடத்தில் வெளியேறினார்கள்.

நான் நின்றுவிட்டேன். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் மண்டியிட்ட வில்லாளர் ஒருவர் இருக்கிறார். பேழையைச் சுற்றி வந்து, மடங்கியிருந்த வலக்காலின் அடிப்புறத்தைப் பார்த்தேன். காலணியின் அடியில் தையல் புள்ளிகள்! விரல் பக்கமும் குதிகால் பக்கமும் நெருக்கமாக, நடுவில் இடைவெளிவிட்டு. தேய்மானம் எங்கே அதிகமோ அங்கே தையல் நெருங்க வேண்டும் என்பதை என் தந்தை எனக்குப் பத்து வயதில் கற்றுக்கொடுத்தார். அவர் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். கல்லறைக்குள் புதைக்கப்போகும் சிலையின், யாருமே பார்க்கப்போகாத உள்ளங்காலில், இதை ஒருவர் நினைவில் வைத்துச் செய்திருக்கிறார். அவரைத்தான் காண விரும்பினேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
1974 மார்ச்சில் கிணறு தோண்டியபோது இதைக் கண்டெடுத்த உழவர்களுள் ஒருவர் என்று சொல்லி, ஒரு கடையில் முதியவர் ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். புத்தகம் வாங்கினேன், கையெழுத்திட்டார், என் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. உண்மையில் அவர்தானா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

இனிச் செல்லவிருப்பவர்களுக்குச் சில சொற்கள். மே முதல் வாரத்திலும் அக்டோபர் முதல் வாரத்திலும் சீனர்களுக்கு நீண்ட விடுமுறை என்பதால் அப்போது போகவே வேண்டாம். நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள், விடுதியில் விட்டுச் செல்லாதீர்கள். கைப்பேசியிலேயே பணம் செலுத்தும் வசதியை ஊரிலிருந்து புறப்படும் முன்பே பதிவு செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழியில் வாடகை வண்டிக்காரர் 'இதுதான் அருங்காட்சியகம்' என்று வேறெங்கோ இறக்கிவிட்டால் இறங்காதீர்கள். சிமெண்டுப் பொம்மைகளைக் காட்டிப் பணம் பறிக்கும் இடங்கள் இருந்ததுண்டு. சைவ உணவினர் தம் தேவையைச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் 'இறைச்சி இல்லை' என்று சொல்லிவிட்டு இறைச்சிச் சாற்றிலேயே நூடுல்ஸை வேகவைப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியைத் தவறாமல் எடுத்துச் செல்லவும்.

மண்குதிரை:
ஐயா, அறிவுரை ஒருபுறம் இருக்கட்டும். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள யாங்லிங்கை இங்கே யாருமே சொல்லவில்லையே? ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகம் அது. அவர் இறந்தது கி.மு. 141இல். எங்கள் குழு அன்று மாலை விமானத்துக்கு மூன்று மணி நேரம் மிச்சமிருந்ததால் மட்டுமே அங்கே போனது. குழிகளுக்கு மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். இருட்டுக்குள் அதன்மேல் நடக்க வேண்டும். குனிந்து பார்த்தால் என் பாதங்களுக்கு நேர்கீழே மண்பன்றிகள், ஆடுகள், நாய்கள், வரிசை வரிசையாக, ஒரு கிராமத்துப் பட்டி முழுவதும். மனித உருவங்கள் இரண்டு அடி உயரந்தான், கைகளே இல்லை. மரத்தால் செய்த கைகளும் பட்டாடைகளும் மட்கிப்போக, மண்ணுடல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முதற்பேரரசர் தமக்குப் படை வேண்டுமென்றார். இவர் பன்றிகளும் வேண்டுமென்றிருக்கிறார். எனக்கு இவரைத்தான் பிடித்தது.

காஞ்சி நெசவாளர்:
எல்லோரும் கல்லறைகளையே பேசுகிறீர்கள். நாங்கள் நகரத்தின் மதில்மேல் மிதிவண்டி ஓட்டினோம், சுற்றளவு 13.7 கிலோமீட்டர். அது பிற்கால மிங் அரசமரபின் மதில் என்பதால், அதற்கு முந்தைய தாங் காலத்துச் சாங்ஆன் (சியானின் அன்றைய பெயர்) நகரின் சிறு பகுதியை மட்டுமே வளைத்து நிற்கிறது. மதிலுக்கு வெளியே நிற்பதால், 'பெரிய காட்டுவாத்துக் கோபுரம் என்ற புத்தக் கோபுரம் ஊருக்கு வெளியே' என்று எங்கள் குழுவில் ஒருவர் சாதித்தார். சீனத் துறவி சுவான்சாங் (நாம் யுவான் சுவாங் என்பவர்) இந்தியாவிலிருந்து கொண்டுவந்த நூல்களை வைப்பதற்காக 652இல் அது எழும்பியபோது ஊரின் உள்ளேதான் இருந்தது. கோபுரத்துக்கு முன் அவருடைய சிலை நிற்கிறது. அவர் காஞ்சிபுரத்துக்கு வந்தவர், அதைப் பற்றி எழுதியவர் என்று நான் சொன்னபோது, சீன வழிகாட்டிப் பெண் எங்கள் ஊரின் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் திறந்து, 'வரைபடத்தில் காட்டுங்கள்' என்றாள். காட்டினேன். சிலையையும் அந்தப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்தே போனாரா என்று கேட்டாள்.

தாமிரபரணிக் கரையாள்:
ஊசிநூல் ஐயா, திருத்தத்துக்கு நன்றி. வண்ணத்தின் கதையை வழிகாட்டி சொல்லவே இல்லை. ஆசிரியர் ஐயா, என் முழங்கால் நன்றாகவே இருக்கிறது. உங்கள் பதிவுகளைப் படித்தபின் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில்லாத அந்த வீரரின் அட்டையில் எண்ணுக்குக் கீழே சீன எழுத்தில் ஒரு வரியும் இருக்கிறது, ஆனால் படம் கலங்கியிருப்பதால் படிக்க முடியவில்லை. அடுத்து யாராவது போனால் பின்கோடியில், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக நிற்பவரைப் பாருங்கள். இதற்குள் அவருக்குத் தலை கிடைத்திருக்கலாம்.