பூட்டிய பீரோவும் நூலகப் பொறுப்பாசிரியரின் பணியும்

கேள்வி (தமிழாசிரியை, பாம்பன்):
வணக்கம். எங்கள் பள்ளியின் நூலகப் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்துள்ளது. புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியரே பணம் கட்ட நேருமோ என்ற அச்சத்தில் பீரோ பூட்டியே கிடந்ததால், உப்புக்காற்றில் கீல்கள் துருப்பிடித்து, அடித்தட்டு நூல்களின் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. தனிப் பதவி ஏதுமில்லாத நான், சக ஆசிரியர்களை இதில் எப்படி ஈடுபடுத்துவது?

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி):
அம்மா, முதலில் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈர நூல்களை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பதுதான். தலைமையாசிரியரிடம் இதை எடுத்துச் சொல்லி, தேய்மானத்தையும் இழப்பையும் இருப்புப் பதிவேட்டில் முறையாகக் குறித்துக்கொள்ள ஒப்புதல் பெறுங்கள். அந்த ஒரு கையெழுத்தில் பாதி அச்சம் தீரும்.

மறுமொழி (அறிவியல் ஆசிரியை, மண்டபம்):
அக்கா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி நான் பாடம் எடுக்கவிருந்தபோது, எங்கள் நூலகர் நான் கேட்காமலேயே, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் 597இல் உள்ள மீன் நூல்களையும் 639இல் உள்ள மீன்பிடி நூல்களையும் ஒரு கூடையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கடற்பாசி எடுக்கப் போகும் தாயின் மகள் ஒருத்தி படமொன்றைத் தொட்டு, “இது பாறை மீன், டீச்சர்” என்றாள். அன்றிலிருந்து மாணவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர்களைச் சீட்டில் எழுதி அந்தந்தப் பக்கத்திலேயே செருகி வருகிறோம். மற்ற ஆசிரியர்கள் தாமாகவே கூடை கேட்டு வந்தார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன்.