மாக் லூப்பில் போர் விமானம் எடுக்க எந்த லென்ஸ், எவ்வளவு ஷட்டர் ஸ்பீடு?

மலையேறி:
அடுத்த மாதம் வேல்ஸ் பக்கம் போகிறேன், அங்கே போர் விமானங்கள் தாழ்வாகப் பறந்து பயிற்சி செய்யும் மாக் லூப் பள்ளத்தாக்கில் நின்று படம் எடுக்க ஆசை. சரிவில் ஏறி நின்றால் விமானியின் ஹெல்மெட்டையே மேலிருந்து பார்க்கலாம் என்கிறார்கள். கையில் 100-400 மிமீ லென்ஸ் இருக்கிறது, போதுமா, இல்லை 600 மிமீ வாடகைக்கு எடுக்கவா? ஷட்டர் ஸ்பீடும் குழப்பம். ஏர்ஷோவில் 1/2000 நொடியில் எடுத்ததெல்லாம் கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் பொம்மையை நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

கழுகுக்கண்:
100-400 தாராளம். அங்கே பயிற்சியில் 250 அடி வரை இறங்குவார்கள், கேட் வெஸ்ட் சரிவில் நின்றால் எதிரிலேயே போகும், 600 போட்டால் வாலோ மூக்கோ வெட்டுப்படும். பொம்மை மாதிரி தெரிவதற்குக் காரணம் வெறும் வானம் பின்னணி. இங்கே பின்னணி மலை, அதனால் 1/500-க்கு இறங்கி விமானத்தோடு கேமராவைத் திருப்பினால் பாறையும் புல்லும் கோடுகோடாக இழுபட்டுப் போகும், காக்பிட் மட்டும் நிற்கும். வேகம் என்றால் அதுதான் வேகம்.

சும்மா_ஒருவன்:
முதல் தடவை போகிறவரிடம் 1/500-ஆ! விமானத்தின் வேகம் 420 நாட் என்றால் மணிக்கு 780 கிமீ, நொடிக்கு இருநூறு மீட்டருக்கு மேல். வளைவில் தலை காட்டியதும் நாலைந்து நொடியில் கதை முடிந்துவிடும், சத்தமோ மலையில் மோதி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே புரியாது. 1/1250-ல் நாலு நல்ல படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் விளையாடட்டும். ஷட்டரைவிட ஃபோகஸ்தான் கழுத்தறுக்கும்: பின்னணியில் அத்தனை பாறை இருப்பதால் அகலமான ஃபோகஸ் ஏரியா வைத்தால் ஆட்டோஃபோகஸ் மலைக்குத் தாவிவிடும். சின்ன ஏரியா, தொடர் ஃபோகஸ், எதிர்ச் சரிவில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்துக் காத்திருங்கள். ஆட்டோ எக்ஸ்போஷரை (வெளிச்சத்தைக் கேமராவே கணிப்பதை) நம்பாதீர்கள், ‘வேலி’ (Valley) என்ற விமானப்படைத் தளத்திலிருந்து வரும் ஹாக் பயிற்சி விமானம் முழுக்கக் கறுப்பு.

கழுகுக்கண்:
சரி, காலையில் 1/1250, மதியத்துக்கு மேல் 1/500. சமாதானமா?

பனிமூட்டம்:
லென்ஸ் பேச்சுக்கு முன்னால் ஒன்று, வாரநாளில் போங்கள். சனி ஞாயிறில் வழக்கமாகத் தாழ்வாகப் பறக்கமாட்டார்கள். இத்தனை மணிக்கு இன்ன விமானம் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், லேக்கன்ஹீத் விமானப்படைத் தளத்திலிருந்து எஃப்-15 போர் விமானம் நாலைந்து வரிசையாகவும் வரலாம், நாள் முழுக்க ஒன்றும் வராமலும் போகலாம். மேகம் மலைமேல் உட்கார்ந்துவிட்டால் பள்ளத்தாக்குக்குள் வரவேமாட்டார்கள். ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம்: கலிஃபோர்னியாவில் டெத் வேலியில் இதே மாதிரி ஆட்கள் கூடும் பள்ளத்தாக்கில் 2019 ஜூலை 31 அன்று ஒரு எஃப்/ஏ-18 போர் விமானம் பாறையில் மோதி விமானி இறந்தார், விளிம்பில் நின்ற ஏழு பேருக்குக் காயம்.

மலையேறி:
நன்றி, 600 வேண்டாம். டெக்ஸன் பயிற்சி விமானம் வந்தாலும் 1/1250-தானா?

சும்மா_ஒருவன்:
அதற்கு வேண்டாம், அது ப்ரொபெல்லர் விமானம். 1/1250-ல் எடுத்தால் ப்ரொபெல்லர் சுற்றாமல் நிற்பது போல இருக்கும், இன்ஜின் நின்றுபோனதா என்று கேட்பார்கள். 1/250 பக்கம் இறக்குங்கள். ஜெட்டைவிட மெதுவாகத்தான் வரும், பின்தொடரலாம்.