கேட் லாட்ஜ்: 'வாயில்வீடு' எனலாமா?

வணக்கம்.

பெரிய மாளிகை, எஸ்டேட்களின் வாயிலில், வாயில் காப்பவர் குடும்பத்தோடு தங்கக் கட்டிய சிறு வீடுதான் கேட் லாட்ஜ் (gate lodge). அதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது வந்த பரிந்துரைகளில் 'காவலர் குடில்' பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு உடன்பாடு இல்லை. காவலர் என்றால் இன்று போலீஸ்தான் நினைவுக்கு வரும். குடில் என்ற சொல்லும் பொருந்தவில்லை. இவை பெரும்பாலும் ஓரடுக்குச் சிறு வீடுகள்தான், ஆனால் மாளிகையின் அந்தஸ்தை வழிப்போக்கருக்குக் காட்டவென்றே பார்த்துப் பார்த்துக் கட்டப்பட்டவை.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு கவுண்டியில் உள்ள டிரொமானா எஸ்டேட் வாயிலைப் பாருங்கள். ஃபினிஸ்க் ஆற்றுப் பாலத்தின் முனையில் ஒரு வளைவு, மேலே வெங்காய வடிவக் குவிமாடம், ஒல்லியான மினார்கள், இருபுறமும் கூர்வளைவு ஜன்னல்களோடு சின்ன வீடுகள். இங்கிலாந்தில் இந்தியப் பாணிக் குவிமாடங்களோடு எழுந்த பிரைட்டன் அரண்மனை கிளப்பிவிட்ட இந்திய மோகம் அது. 1826இல் புதுமணத் தம்பதியை வரவேற்கத் தற்காலிக அலங்காரமாக எழுப்பி, பிடித்துப்போனதால் பிறகு நிலையாகக் கட்டினார்கள் என்பார்கள். 1960களில், பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் ஐரிஷ் ஜார்ஜியன் சொசைட்டி அதைப் புதுப்பித்தது. இதைப் போய்க் குடில் என்பதா?

'வாயில்காப்பகம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். காப்பகம் என்றதும் ஆதரவற்றோர் இல்லம்தான் மனதில் வருகிறது. 'வாயில்மனை' அழகுதான், ஆனால் மனை இப்போது விற்பனைக்கு வரும் காலியிடமாகிவிட்டது.

இந்தக் கட்டடத்தின் உயிர், அதில் ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதே. வண்டி வருவதை உள்ளிருந்தே பார்க்கப் பல வீடுகளில் ஜன்னலைச் சாலைப் பக்கம் துருத்தி வைத்தார்கள். சமச்சீர் அழகுக்காக வாயிலின் இருபுறமும் இரட்டையாகக் கட்டிய இடங்களில், ஒரே குடும்பம் ஒருபக்கம் சமைத்து மறுபக்கம் தூங்கியதும் உண்டு. மழையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடந்திருப்பார்கள். ஆகவே 'வீடு' சொல்லில் இருந்தே ஆக வேண்டும். பண்ணைவீடு, தோட்டவீடு வரிசையில் 'வாயில்வீடு' இயல்பாக உட்காரும். அங்கே இருப்பவரை வாயிலோன் என்போம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி 'வாயிலோயே' என்றுதானே விளிக்கிறாள்!

கேட்ஹவுஸ் வேறு. கோட்டை, மடாலயங்களில் கட்டடத்தின் அடிவழியாகவே உள்ளே போகிறோம். அதற்கு 'வாயில்மாடம்' சரியாக இருக்கும்.

அப்புறம், லாட்ஜ் என்று பெயர் இருந்தாலே வாயில்வீடு ஆகிவிடாது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் தாமஸ் டிரெஷம் என்ற நிலக்கிழார் 1590களில் கட்டிய ரஷ்டன் முக்கோண லாட்ஜ், முயல் பண்ணையைப் பார்த்துக்கொண்டவருக்கானது. அதைத் தனிப் பதிவாக வைப்போம்.