தொடு இரட்டையா, துடிக்கும் விண்மீனா?

வணக்கம் நண்பர்களே. பாலோமர் 48 அங்குலத் தொலைநோக்கியின் இசட்டிஎஃப் (வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் ஆய்வு) தரவில், ஒன்றையொன்று தொட்டுச் சுற்றும் இரட்டை விண்மீன்களைத் தேடி வருகிறேன். ஒன்றில் மட்டும், அது அப்படிப்பட்ட தொடு இரட்டையா, விரிந்து சுருங்கித் துடிக்கும் ஒற்றை விண்மீனா என்ற முடிவுக்கு வர முடியவில்லை. ஒளிமாற்றம் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது என்று கண்டறியும் லாம்ப்-ஸ்கார்கிள் முறை 0.16 நாள் காட்டுகிறது. அதை இரட்டித்து, எல்லா அளவீடுகளையும் 0.32 நாள் கொண்ட ஒரே சுழற்சிக்குள் மடித்தால், ஒளி மங்கும் இரண்டு பள்ளங்கள், ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரட்டை என்றால் இரண்டையும் மூடிய பொது வாயு உறையால் வெப்பநிலை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. நிறம் பெரிதாக மாறாது. துடிக்கும் விண்மீன் என்றால் பிரகாசம் ஏறும்போது நீலமும் ஏறும். ஆனால் பச்சை, சிவப்பு வடிகட்டிப் படங்கள் ஒரே நேரத்தில் எடுக்கப்படுவதில்லையே! சுழற்சியைக் கட்டங்களாகப் பிரித்து, கட்ட வாரியாக ஒவ்வொரு வடிகட்டிக்கும் சராசரி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதுமா?

தொடு இரட்டையாக இருந்து, 2008இல் ஒன்றாக இணைந்து வெடித்த வி1309 ஸ்கார்ப்பியின் 1.4 நாள் சுற்றுக்காலம் அதற்கு முன்பே குறைந்துகொண்டு வந்தது ஓகிள் என்ற வான் கண்காணிப்பு ஆய்வின் தரவில் பதிவாகியிருந்தது. அதனால் எதையும் தவறவிட மனமில்லை. பைத்தானில் இதைச் செய்தவர்கள் வழி சொல்லுங்களேன்.