திராணிக்கு மேலாகச் சோதிக்கமாட்டார் என்றால், எங்களுக்கு நடப்பது என்ன?

கேள்வி: மூன்றாம் ஜாமம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அவளைக் கவனிப்பதற்காகச் சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டேன். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: 1 கொரிந்தியர் 10:13. தேவன் நம்முடைய திராணிக்கு மேலாக எதையும் அனுமதிக்கமாட்டார், ஆகவே உங்களால் இதைத் தாங்க முடியும் என்கிறார்கள். உண்மையில் என்னால் தாங்க முடியவில்லை. முழங்கால்படியிட்டால் ஒரு வார்த்தையும் வருவதில்லை; சில இரவுகளில் கோபம் மட்டுமே வருகிறது. இந்த நிலையில், வரும் ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி (தேவன் எனக்குச் செய்த நன்மைகளை) சொல்ல வேண்டும் என்று சபையில் கேட்டிருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். அந்த வசனம் உண்மையென்றால், என் பலம் முடிந்துபோனது என் விசுவாசக் குறைவா? விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்பது தாங்குவதுபோல் காட்டிக்கொள்வதா?

பதில் 1: வேதபாட ஆசிரியர்

சகோதரரே, உங்களிடம் சொல்லப்பட்ட வசனம் உண்மை. அதற்குக் கொடுக்கப்பட்ட பொருள்தான் தவறு என்பது என் எண்ணம். தமிழில் நாம் 'சோதனை' என்ற ஒரே சொல்லைப் பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலுக்கும் சொல்கிறோம், வாழ்க்கையில் வரும் துன்பத்துக்கும் சொல்கிறோம். மூலமொழியான கிரேக்கச் சொல்லும் இரண்டையும் தாங்கக்கூடியதுதான். ஆகவே எது பொருந்தும் என்பதை அந்த அதிகாரமே தீர்மானிக்க வேண்டும். பத்தாம் அதிகாரம் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகங்களுக்கும் இச்சைக்கும் இடங்கொடுத்ததைப் பேசுகிறது. அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்கிறது. அங்கே வாக்குப்பண்ணப்பட்டிருப்பது, பாவம் செய்தே தீர வேண்டும் என்ற நிலைக்கு எவரும் தள்ளப்படமாட்டார் என்பதுதான். நோயும் இழப்பும் மனிதனின் பலத்துக்குள்ளேயே அளந்து கொடுக்கப்படும் என்று அங்கே சொல்லப்படவில்லை.

இந்த வசனத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல், அதே கொரிந்து சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தின் (2 கொரிந்தியர்) முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஆசியாவில் தனக்கு நேரிட்ட உபத்திரவத்தைப் பற்றி, 'பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்' உண்டாயிற்று என்று எழுதுகிறார். பலத்திற்கு மிஞ்சியது என்று அப்போஸ்தலனே ஒப்புக்கொண்ட பிறகு, நீங்கள் ஏன் மறைக்க வேண்டும்? அந்த நாட்களில் அவர் தம்மைத் தாமே நம்புவதை விட்டு, மரித்தோரை எழுப்புகிற தேவனை நம்பக் கற்றுக்கொண்டதாக அடுத்த வசனம் சொல்கிறது. பலம் தீர்ந்ததை அவர் விசுவாசக் குறைவாகக் கணக்கிடவே இல்லை. அதோடு நிறுத்தாமல், கொரிந்தியருடைய ஜெபம் தனக்கு உதவியாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார். (இந்தப் பகுதியைத் துக்க வீடுகளில் வாசிக்க நான் கேட்டதே இல்லை.)

பதில் 2: சூரைச்செடி

அண்ணா, நான் வேதம் படித்தவள் அல்ல. மகனை இழந்த தாய். அவன் போன பிறகு எட்டு மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. யாரோ ஒரு நாள் 88ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினார்கள். மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் அழுகை எங்காவது ஓரிடத்தில் துதியாகத் திரும்பிவிடும். இதில் திரும்பவில்லை, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் தேவன் வேதத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார் என்றால், என்னுடையதையும் கேட்பார் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. சொந்த வார்த்தைகள் வராத நாட்களில் அந்தப் பதினெட்டு வசனங்களைச் சத்தமாக வாசித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். பல மாதங்களுக்கு என் ஜெபம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். நீங்கள் கடைசியாக எப்போது முழுமையாகத் தூங்கினீர்கள்? எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது தேவன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்க விட்டார், தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டார். ஓரேப் மலையில் பேச்சு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். நோயாளியோடு இருப்பவர்கள் தங்கள் களைப்பைப் பாவம் என்று எண்ணிக்கொண்டு மனம் வருந்துவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பல வேளைகளில் அது வெறும் தூக்கமின்மைதான். அது பல வாரங்களாகியும் நீங்காமல், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வருமானால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில் 3: பழைய பாதை

மேலே எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதே 1 கொரிந்தியர் 10இல், முறுமுறுத்தவர்கள் சங்காரக்காரனால் (அழிக்கிறவனால்) அழிக்கப்பட்டார்கள் என்றும், நீங்கள் அவர்களைப்போல் முறுமுறுக்காதிருங்கள் என்றும் எழுதியிருக்கிறதே? தேவனிடம் கோபத்தைக் கொட்டலாம் என்று துன்பத்தில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும்? எங்கள் பெற்றோர் எவ்வளவோ கஷ்டத்திலும் ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

பதில் 4: வேதபாட ஆசிரியர்

நியாயமான தயக்கம், இதைத் தாண்டிப் போகக் கூடாது. வனாந்தரத்தில் ஜனங்கள் முறுமுறுத்ததை எண்ணாகமம் 14இல் வாசித்துப் பாருங்கள். தேவன் தங்களைச் சாகக் கொண்டுவந்தார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்பலாம் என்று முடிவு செய்தார்கள். தேவனைப் பற்றிப் பேசினார்கள், அவரிடம் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வழி தேடினார்கள். பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபு அதைவிடக் கடுமையான சொற்களைச் சொன்னார், ஆனால் அவற்றைத் தேவனுடைய முகத்துக்கு நேராகச் சொன்னார். முடிவில், 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' (சரியாகப் பேசவில்லை) என்று கர்த்தர் கடிந்துகொண்டது, தேவனுக்காக வழக்காடுவதாக எண்ணிய அவருடைய நண்பர்களைத்தான். அந்த நண்பர்கள் சரியாகச் செய்தது, முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது மட்டுமே என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உங்கள் பெற்றோரின் ஸ்தோத்திரம் மெய்யானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவருக்குப் பழமாக விளைந்ததை இன்னொருவர் மேல் கட்டளையாகச் சுமத்த முடியாது.

சகோதரி எழுதிய எலியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடையைக் கொண்டுவந்த தேவதூதன் அவரை இரண்டாம் முறை எழுப்பும்போது, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று சொன்னதாக நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எபிரெய மூலத்தில் அது 'வழி உனக்கு மிஞ்சியது' என்ற பொருளில் நிற்கிறது. உன்னால் முடியும் என்று தூதன் சொல்லவில்லை. முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் சாப்பிடச் சொன்னான்.

பதில் 5: நான்காவது ஆள்

சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்கு 2இல் திமிர்வாதக்காரன் (உடல் செயலிழந்தவன்) ஒருவனை நால்வர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு 'அவர்கள் விசுவாசத்தை' கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவனின் விசுவாசத்தைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லப்படவில்லை. ஐயா, இப்போதைக்கு நீங்கள் படுக்கையின் ஒரு முனையைத் தூக்குகிறவர் அல்ல, உங்கள் மனைவியோடு சேர்ந்து அதில் கிடப்பவர். ஜெபிக்கிறோம் என்று சொல்கிறவர்களிடம், எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்து உட்கார முடியும் என்று கேளுங்கள். சிலர் நழுவிவிடுவார்கள், சிலர் கேட்கப்படுவதற்காகவே காத்திருப்பார்கள்.

மூன்றாம் ஜாமம்

எல்லோருக்கும் நன்றி. பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். யோபுவின் நண்பர்கள் பகுதியில் அவள் சிரித்தாள், வெகுநாளைக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, 88ஆம் சங்கீதத்தை வாசிக்கட்டுமா என்று போதகரிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வியாழக்கிழமை டயாலிசிஸின்போது அவளோடு இருப்பதற்கு ஒருவரைக் கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த 4 மணி நேரமும் நான் தூங்கப்போகிறேன்.