செயின்ட் வின்சென்டில் கேப் படிக்கும் பெண்ணுக்கு வெளிநாட்டில் பொறியியல்: விண்ணப்பமும் உதவித்தொகையும்

கயல்:

வணக்கம். அக்கா குடும்பம் கரீபியன் தீவு நாடான செயின்ட் வின்சென்டில் இருக்கிறது. மகள் அங்கேயே பிறந்தவள், அந்நாட்டுக் குடியுரிமைதான். அங்குள்ள கம்யூனிட்டி காலேஜில் கேப் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு, வருடத்துக்கு ஒரு யூனிட்) படிக்கிறாள். முதல் யூனிட் முடிவு இந்த ஆகஸ்டில் வந்தது: தூய கணிதம் 1, இயற்பியல் 2, வேதியியல் 2, கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் 1 (1 தான் மிக உயர்ந்த கிரேடு). அதற்கு முந்தைய பள்ளித் தேர்வான சீசெக்கில் ஒன்பது பாடம், எல்லாம் முதல் அல்லது இரண்டாம் கிரேடு. சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. வீட்டில் வருடத்துக்கு 30,000 கிழக்குக் கரீபியன் டாலர் வரை கொடுக்க முடியும், அதற்கு மேல் வழியில்லை.

"இரண்டாம் யூனிட் முடிவு வரட்டும், இடம் கிடைக்கட்டும், பிறகு ஸ்காலர்ஷிப் தேடலாம்" என்கிறார்கள் வீட்டில். இது சரியா? அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றில் எதற்கு முயலலாம்? செவனிங், ரோட்ஸ் என்றெல்லாம் பிரிட்டன் உதவித்தொகைகளின் பெயர் அடிபடுகிறதே, அவை இவளுக்குப் பொருந்துமா?

வழித்துணை:

சரியில்லை, கயல். அப்படிக் காத்திருந்தால் ஒரு முழு வருடம் போய்விடும். இளநிலைப் படிப்புக்குப் பெரிய தொகை தரும் இடங்களில் பணமும் இடமும் ஒரே விண்ணப்பத்தில்தான் முடிவாகின்றன. இடம் கொடுத்த பிறகு "பணம் போதவில்லை" என்று எழுதினால் பெரும்பாலும் வருந்துகிறோம் என்றுதான் பதில் வரும். அவளுக்கு இந்த செப்டம்பரிலேயே வேலை தொடங்க வேண்டும். முதல் யூனிட் கிரேடுகள் கையில் இருப்பதே பெரிய பலம். அவை ஆசிரியரின் கணிப்பு அல்ல, தேர்வு நடத்தும் கரீபியன் வாரியமான சிஎக்ஸ்சி கொடுத்த உறுதியான முடிவு.

செவனிங் முதுநிலைக்கு மட்டும், அதுவும் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும். ரோட்ஸும் பட்டம் முடித்த பிறகுதான். இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கிழக்குக் கரீபியன் டாலர் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் நிலையாக இருக்கிறது. ஆக உங்கள் 30,000 என்பது சுமார் 11,100 அமெரிக்க டாலர். இந்தத் தொகையில் அமெரிக்காவில் படிக்க ஒரே நேரான வழி, குடும்ப வருமானத்தைப் பார்த்து மீதியை முழுதாகத் தரும் கல்லூரிகள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவர் பணம் கேட்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுப்பதில்லை. இவற்றில் இடம் கிடைப்பது மிகக் கடினம், அதையும் சொல்லிவிட வேண்டும். பொறியியல் தனித் துறையாக எல்லாவற்றிலும் இல்லை. ஆம்ஹர்ஸ்டிலும் போடனிலும் இயற்பியல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். மற்ற பல தனியார் கல்லூரிகளும் வெளிநாட்டவருக்கு உதவுகின்றன, ஆனால் அங்கே பணம் கேட்பது சேர்க்கையைப் பாதிக்கும். எனவே பட்டியலில் இரண்டு வகையும் இருக்கட்டும்.

காமன் ஆப்பில் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்) "நிதி உதவி கோருகிறீர்களா" என்ற கேள்விக்கு ஆம் என்றே குறிக்க வேண்டும். இல்லை என்று போட்டால் வாய்ப்பு கூடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். முதல் வருடம் கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னால் கேட்கவே முடியாது என்பது பல கல்லூரிகளின் விதி.

அடுத்து, நிதி உதவிக்காகக் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பெற்றோரின் வருமானத்தை அவர்கள் நாட்டு நாணயத்தில் கேட்கும் படிவம் இது. தொடக்கத்தில் நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தவறுதலாக அமெரிக்க டாலர் என்று விட்டுவிட்டால், மாதம் 7,500 கிழக்குக் கரீபியன் டாலர், அதாவது வருடம் 90,000 சம்பாதிக்கும் குடும்பம் 90,000 அமெரிக்க டாலர் குடும்பமாகத் தெரியும். உண்மையில் அது 33,300 தான். உதவித்தொகை அப்படியே சரிந்துவிடும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அனுப்பும் முன் அக்காவும் அத்தானும் ஒவ்வொரு எண்ணையும் சம்பளச் சீட்டோடு வைத்துப் பார்க்கட்டும். கட்டணம் முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. கட்ட முடியாவிட்டால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதி விலக்குக் குறியீடு கேட்கலாம், பல இடங்களில் தருகிறார்கள்.

சாட் (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு): எம்ஐடி, ஹார்வர்ட், டார்ட்மத் கட்டாயம் கேட்கின்றன. ஜனவரி தொடக்கக் கெடுவுக்கு அக்டோபர் அல்லது நவம்பரில் எழுதிவிட வேண்டும். தீவுகளில் மையங்கள் குறைவு, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். இன்றே பதிவு செய்யுங்கள்.

அலைவாய்:

வழித்துணை சொன்னதோடு காகிதப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நல்ல மாணவர்களின் விண்ணப்பம் கூட இங்கேதான் சிக்குகிறது.

முதலாவது, "கம்யூனிட்டி காலேஜ்" என்ற பெயர். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு: பள்ளி முடித்தபின் சேரும் இரண்டாண்டுக் கல்லூரி. செயின்ட் வின்சென்டில் ஆறாம் படிவமே (பள்ளிக் கல்வியின் கடைசி இரண்டு வருடம்) அந்தக் கல்லூரிக்குள் நடக்கிறது என்று அமெரிக்காவில் விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தெரியாமல் போகலாம். அவளை மாற்றல் மாணவியாக (வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவளாக) எடுத்துக்கொண்டால் உதவித்தொகை விதிகளே மாறிவிடும், பெரும்பாலும் பாதகமாக. எனவே கல்லூரி முதல்வரோ ஆலோசகரோ அனுப்பும் பள்ளி விவரக் குறிப்பில், "இவர் இரண்டாண்டு கேப் பிரிவில் பயில்பவர், இது மேல்நிலைப் பள்ளிக் கல்வியின் இறுதிக் கட்டம்" என்று ஒரு வரி தெளிவாக இருக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கு இரண்டிரண்டு யூனிட், அதோடு கம்யூனிகேஷன் ஸ்டடீஸ், கரீபியன் ஸ்டடீஸ் என்று எட்டு யூனிட் முடிந்தால் சிஎக்ஸ்சியின் அசோசியேட் டிகிரிக்கும் தகுதி வரும் (ஏழு போதும்). அமெரிக்காவில் அது இரண்டாண்டுக் கல்லூரி தரும் பட்டம் என்பதால், அந்தப் பெயரும் இதே குழப்பத்தைக் கிளப்பும். கேட்கும் இடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள், விளக்கத்தோடு சொல்லுங்கள்.

அதே குறிப்பில் மதிப்பெண் முறையையும் விளக்கச் சொல்லுங்கள். செயின்ட் வின்சென்ட் பள்ளிகளில் 75 என்பது நல்ல மதிப்பெண். அமெரிக்கக் கண்ணுக்கு அது சுமார். வகுப்பில் எத்தனை பேர், அதிகபட்சம் எவ்வளவு, இவள் எங்கே நிற்கிறாள் என்று எழுதினால்தான் அந்த 75 உயிர் பெறும். நான்கு வருட மதிப்பெண்கள் கேட்பார்கள், அதாவது மூன்றாம் படிவத்திலிருந்தோ நான்காம் படிவத்திலிருந்தோ. அவை பழைய உயர்நிலைப் பள்ளியில் இருக்கும். இரண்டு இடத்திலும் முத்திரையிட்ட நகல் வாங்க வேண்டும்.

சிஎக்ஸ்சி டிரான்ஸ்கிரிப்டை (முடிவுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியல்) இணையத்தில் கேட்டு, நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் செய்ய வேண்டும். தேர்வு எண் பத்து இலக்கம், முதல் ஆறு மையத்தைக் குறிப்பவை. சீசெக் ஒரு பள்ளியிலும் கேப் இன்னொரு மையத்திலும் எழுதியிருப்பதால் அவளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். ஒரே எண்ணைக் கொடுத்தால் பாதி முடிவுகள்தான் போகும். தேர்வில் பதிந்த பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இப்போதே பாருங்கள். தமிழ்க் குடும்பங்களில் தந்தை பெயர் ஒரு இடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொரு இடத்தில் இனிஷியலாகவும் நிற்கும். விசா நேரத்தில் இதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

நீலமணி:

பிரிட்டன், கனடா பற்றி.

பிரிட்டனில் இளநிலைக்கு முழுப்பணம் தரும் உதவித்தொகை மிக அரிது. கிடைப்பதெல்லாம் கட்டணத்தில் சில ஆயிரம் பவுண்டு தள்ளுபடி. அதற்கு மேல் விசாச் செலவு: மாணவர்களுக்கான சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு. மூன்றாண்டுப் படிப்புக்கு விசா மூன்று வருடத்துக்குச் சற்று மேல் இருக்கும், அந்த மிச்ச மாதங்களுக்கு அரை வருடத் தொகை. ஆக 2,716 பவுண்டு, விண்ணப்பிக்கும் அன்றே மொத்தமாக. வாழ்க்கைச் செலவுப் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. உங்கள் வரவுசெலவில் இது நடக்காது என்பது என் கணிப்பு. (மொன்ட்செராட், அங்குவில்லா போன்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்காரர்கள் உள்நாட்டுக் கட்டணத்தில் படிக்கலாம். அது அவர்களுக்கு மட்டும்.)

அப்படியும் யூகாஸில் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) போட நினைத்தால் கெடு ஜனவரி நடுவில். கேப் முதல் யூனிட்டை முடித்த தகுதியாகவும் இரண்டாம் யூனிட்டை முடிவு வராத தகுதியாகவும் தனித்தனியே பதிய வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் போட்டால் கிரேடு பெற்ற முதல் யூனிட் அங்கே தெரியாது. இரண்டு யூனிட்டும் முடித்த பாடத்தைத்தான் பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலுக்கு இணையாக எடுப்பார்கள். கரீபியன் ஸ்டடீஸ், கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் ஒற்றை யூனிட் என்பதால் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது.

கனடாவில் ஒரு நல்ல கதவு இருக்கிறது: டொராண்டோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பியர்சன் உதவித்தொகை. நான்கு வருடக் கட்டணம், புத்தகம், விடுதி எல்லாம் அடங்கும். ஆனால் மாணவி தானாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும், ஒரு பள்ளிக்கு ஒருவர். அந்தப் பரிந்துரை, சேர்க்கை விண்ணப்பம் எல்லாமே அக்டோபர், நவம்பருக்குள் முடிந்துவிடும். முதல்வருக்கு இது தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொண்டு, செப்டம்பர் முதல் வாரம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முடிவு வரட்டும் என்று இருந்தால் இழப்பது இதைத்தான்.

உதவித்தொகை இல்லாமல் கனடா என்றால், மாணவர் அனுமதி வாங்க முதல் வருடக் கட்டணம் போக 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும், 2025 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. மாகாணத்தின் உறுதிக் கடிதமும் வேண்டும். அதைப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் வாங்க முடியும், இடத்தை ஏற்றுக்கொண்ட உடனே கேளுங்கள்.

கயல்:

மூவருக்கும் மிக்க நன்றி. கம்யூனிட்டி காலேஜ் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு கேள்வி. தைவான் உதவித்தொகை என்று அங்குள்ள ஆசிரியர் ஒருவர் சொன்னாராம், நம்பிப் போகலாமா? மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டுமா?

வழித்துணை:

தாராளமாக. கரீபியனில் இது நாட்டைப் பொறுத்தது. செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, செயின்ட் கிட்ஸ், பெலிஸ், ஹெய்ட்டி ஆகியவை தைவானோடு தூதரக உறவு வைத்திருப்பவை, அதனால் அந்நாட்டவர்க்குத் தைவான் அரசின் உதவித்தொகை. ஜமைக்கா, பார்படோஸ், கிரெனடா, டொமினிக்கா போன்றவை பெய்ஜிங்கை அங்கீகரிப்பதால் அவர்களுக்குச் சீன அரசின் உதவித்தொகை. தைவான்ஐசிடிஎஃப் (தைவானின் வளர்ச்சி உதவி அமைப்பு) திட்டத்துக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 15 வரை, தைவான் வெளியுறவு அமைச்சகத்தின் தைவான் ஸ்காலர்ஷிப்புக்கு பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை விண்ணப்பிக்கலாம். ஐசிடிஎஃப்பில் உதவித்தொகைக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என்று இரண்டு விண்ணப்பம் தனித்தனியே போக வேண்டும். ஒன்றை அனுப்பிவிட்டு இன்னொன்றை விட்டவர்களுக்கு எதுவும் கிடைக்காது. ஆங்கிலவழி இளநிலைப் படிப்புகள் குறைவு, சிவில் இருக்கிறதா என்று அந்த வருடப் பட்டியலில் பாருங்கள். தைவான் ஸ்காலர்ஷிப் வழியில் மொழிக்கு ஒரு வருடம் சேர்த்துப் போகலாம், ஆனால் அதற்குப் பிறகு சீன மொழியில் பொறியியல் படிக்கத் தயாரா என்று அவளிடமே கேட்க வேண்டும்.

மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். பொறியியலுக்கு டிரினிடாடின் செயின்ட் அகஸ்டின் வளாகம். அந்தப் பல்கலைக்கழகச் செலவுக்குப் பங்களிக்கும் நாடுகளில் செயின்ட் வின்சென்டும் ஒன்று என்பதால் கட்டணத்தின் பெரும்பங்கை அரசு ஏற்கிறது. பணத்தை வைத்துப் பார்த்தால் பட்டியலிலேயே நிச்சயமான இடம் இதுதான், தரத்திலும் குறையில்லை.

அலைவாய்:

இன்னும் இரண்டு சொல்லவேண்டியவை. செயின்ட் வின்சென்ட் அரசின் தேசிய உதவித்தொகை கேப் முடிவுகளுக்குப் பிறகுதான் அறிவிக்கப்படும். கிடைத்தால், படித்து முடித்துத் திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் வேலை செய்யும் ஒப்பந்தம் இருக்கும். ஜாமீன் கையெழுத்துப் போடுபவர், மீறினால் தொகை முழுவதும் தன் தலையில் விழுமா என்று படித்துவிட்டுப் போடட்டும்.

மற்றொன்று, அமெரிக்க நாடுகள் அமைப்பின் ரோ நிதி. அமெரிக்காவில் படிக்கும் கரீபியன் மாணவர்களுக்கு 15,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன். இளநிலையில் கடைசி இரண்டு வருடத்துக்குத்தான், அமெரிக்கக் குடிமகனோ நிரந்தர வாசியோ ஒருவர் பிணை நிற்க வேண்டும், முடித்ததும் நாடு திரும்ப வேண்டும். முதல் வருடத்துக்கு உதவாது, மூன்றாம் வருடத்தில் இடைவெளி விழுந்தால் கைகொடுக்கும்.

அமெரிக்கா என்று முடிவானால் ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று) வந்த கையோடு செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185. நேர்காணல் பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில், விமான டிக்கெட்டும் ஒரு இரவுத் தங்கலும் கணக்கில் வையுங்கள். செவிஸ் ரசீதில் உள்ள பெயரும் எண்ணும் ஐ-20 இல் உள்ளபடியே இருக்க வேண்டும். ரசீதை அச்சடித்துக் கொண்டு போகச் சொல்லுங்கள், போனில் காட்ட முடியாது.

கயல்:

அக்காவிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை முதல்வரைப் பார்க்கப் போகிறார்கள். என்னென்ன கேட்க வேண்டும்?

நீலமணி:

பியர்சன் பரிந்துரை முதலில், அதற்குத்தான் நாள் குறைவு. பிறகு இரண்டாம் யூனிட் எதிர்பார்ப்பு கிரேடு எழுத்தில், கேப் பிரிவு பற்றிய அந்த ஒரு வரியோடு பள்ளி விவரக் குறிப்பு, கணித ஆசிரியரிடமும் இயற்பியல் ஆசிரியரிடமும் பரிந்துரைக் கடிதம். ஆசிரியர்களுக்குக் குறைந்தது நான்கு வாரம் கொடுங்கள், அவள் செய்த எஸ்பிஏ (தேர்வுக்காகப் பள்ளியிலேயே செய்யும் செய்முறைப் பணி) வேலையின் நகலையும் கூடவே கொடுங்கள். கையில் அது இருந்தால் "நல்ல மாணவி" என்று பொதுவாக எழுதாமல், என்ன அளந்தாள், எங்கே தவறியது, எப்படித் திருத்தினாள் என்று எழுத முடியும்.