இலத்திரன் ஏற்றல் வெப்பவுள்ளுறை: புளோரினைவிடக் குளோரினுக்கு ஏன் கூடிய மறைப் (−) பெறுமானம்?

தலவாக்கலை மாணவி:
உயர்தர இரசாயனத்தில் ஒரு சந்தேகம். ஆவர்த்தன அட்டவணையின் ஒரு கூட்டத்தில் கீழே போகப் போக இலத்திரன் ஏற்றல் வெப்பவுள்ளுறையின் (வாயு அணு ஓர் இலத்திரனை ஏற்கும்போது நிகழும் சக்தி மாற்றம்; சக்தி வெளிவந்தால் மறைக் குறி) மறைப் பெறுமானம் குறைய வேண்டும்தானே? அட்டவணையில் புளோரின் −328, குளோரின் −349, புரோமின் −325, அயடின் −295 கிலோயூல்/மோல் என்று இருக்கிறது. புளோரின் அச்சுப் பிழையா? டியூசன் சேர் "விதிவிலக்கு, பாடமாக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

பேராதனை அண்ணா:
அச்சுப் பிழை இல்லை தங்கச்சி. புளோரினின் இரண்டாம் சக்திமட்டம் மிகச் சிறியது. ஏழு பேர் படுக்கும் லயத்துக் காம்பராவுக்கு எட்டாவது ஆள் வந்த மாதிரி, வரும் இலத்திரனை உள்ளே இருப்பவை தள்ளும். குளோரினுக்கு மூன்றாம் சக்திமட்டம், இடம் தாராளம். புளோரினிலும் கருவின் இழுப்புத்தான் வெல்கிறது, அதனால்தான் 328 கிலோயூல் சக்தி வெளிவருகிறது. தள்ளுகை அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஒட்சிசன் −141, கந்தகம் −200. அங்கேயும் இதே கதைதான்.

தலவாக்கலை மாணவி:
விளங்குது அண்ணா. அப்போ குளோரின்தானே பலமான ஒட்சியேற்றியாக, அதாவது மற்றவற்றிடமிருந்து இலத்திரனைப் பறிப்பதாக, இருக்க வேண்டும்?

பண்டாரவளை ஆசிரியர்:
இல்லை மகள். −349 என்பது தனி வாயு அணுவுக்கு உரியது. நீர்க் கரைசலில் இன்னும் இரண்டு படிகள் சேரும். முதலில் மூலக்கூறை உடைக்க வேண்டும்: F–F பிணைப்புக்குச் சுமார் 158, Cl–Cl பிணைப்புக்கு 242, ஓர் அணுவுக்கு அதில் பாதி. பிறகு அயன் நீரேற்றமடையும், அதாவது நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து சக்தி வெளிவரும்: புளோரைட்டு அயனுக்குச் சுமார் −506, குளோரைட்டுக்கு −364. கூட்டிப் பாருங்கள்:

புளோரின்: 79 − 328 − 506 = −755
குளோரின்: 121 − 349 − 364 = −592

மொத்தத்தில் புளோரினுக்கே கூடிய மறைப் பெறுமானம், அதனால் அதுவே பலமான ஒட்சியேற்றி. இலத்திரன் ஏற்றலில் குளோரின் முந்தியது வெறும் 21தான். நியம மின்வாய் அழுத்தமும் (கரைசலில் இலத்திரனை ஏற்கும் போக்கின் அளவு) இதையே காட்டுகிறது: புளோரினுக்கு +2.87 வோல்ற்று, குளோரினுக்கு +1.36.

தலவாக்கலை மாணவி:
சேர், விடையில் "புளோரின் சிறியது" என்று மட்டும் எழுதினால் போதுமா?

பண்டாரவளை ஆசிரியர்:
போதாது. சிறிய அணு என்றால் கரு கூடுதலாக இழுக்கும் என்றும் வாதிடலாமே! "சிறிய இரண்டாம் சக்திமட்டத்தில் இலத்திரன்–இலத்திரன் தள்ளுகை அதிகம்" என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அப்புறம், சில புத்தகங்கள் இலத்திரன் நாட்டம் என்று நேர்க் குறியோடு போட்டிருக்கும். அங்கே 349தான் 328ஐவிடப் பெரியது. கேள்வியில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறியைப் போடுங்கள்.